சுருளின் ஆரம்பமும் முடிவும்

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மோட்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் காயில் கட்டும் தம்பிமார்களுக்கு,

மழையை நம்பி விதைத்து, மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டும், அருப்புக்கோட்டைக்குப் போய்த் தறி ஓட்டியும் காலம் தள்ளிய இந்த வானம் பார்த்த பூமியில், ஊரை விட்டுப் பஸ் ஏறாமலே பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தைச் சில பிள்ளைகளுக்கேனும் கொடுத்த கைத்தொழில் நம்முடையது. கிணற்று மோட்டார் எரிந்தால் செடி வாடுவதற்குள் கட்டித் தரவேண்டும். தறி மோட்டார் எரிந்தால் பாவு காத்துக் கிடக்கும். அந்த இரண்டு அவசரங்களுக்கும் நடுவே முப்பத்தைந்து ஆண்டுகள் லெதராய்டு காகிதமும் எனாமல் கம்பியும் வார்னிஷ் வாடையுமாக வாழ்ந்து, பார்வை மங்கிவிட்டபடியால் கட்டுவதை நிறுத்திக்கொண்டு, கட்டுகிறவர்களுக்கு யோசனை சொல்வதோடு திருப்தியடைந்திருக்கும் நான், உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக உங்களில் பலர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ரெண்டு பிரைமரி வச்சு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கேக்குறாங்க, எப்படிக் கட்ட?" என்று விசாரிக்கிறீர்கள். விசாரித்துப் பார்த்தால், ஒருவருக்கு வேண்டியது அரபு நாட்டிலிருந்து வந்த சாமானுக்கு 115 வோல்ட்டிலும் 230 வோல்ட்டிலும் ஓடக்கூடிய ஒன்று; இன்னொருவருக்கு வேண்டியது, சாயங்காலத்தில் மின்னழுத்தம் இறங்கிப் போகும் தோட்டத்து வீட்டுக்குப் பல முனைகள் எடுத்த ஒன்று; மூன்றாமவரோ, மாடியில் வைத்த சோலார் இன்வெர்ட்டரையும் மின்வாரியத்தின் லைனையும் ஒரே கோரில் சேர்த்துக் கொடுங்கள் என்கிறார். மூன்றையும் நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் முதலாவதைக் கட்டத் தெரிந்தவன் அதே நினைப்பில் மூன்றாவதையும் கட்டிவிட்டால், அதன் பலனை அனுபவிக்கப் போகிறவன் அவனும் அல்ல, பணம் கொடுத்தவனும் அல்ல. முகம் தெரியாத ஒருவன், கம்பத்தின் மேலே இருப்பவன். அந்தக் கவலைதான் இந்த மடலின் உயிர்.

பிரைமரியை, அதாவது மின்சாரம் உள்ளே நுழையும் சுருளை, ஒன்றுக்கு மேல் வைப்பது ஏதோ இந்தக் காலத்துப் புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். 1831-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி லண்டனில் மைக்கேல் ஃபாரடே தம் பிரசித்தி பெற்ற பரிசோதனையைச் செய்தபோது, ஆறு அங்குல வெளிவிட்டமுள்ள மெல்லிரும்பு வளையத்தின் ஒரு பாதியில் அவர் சுற்றியது ஒரே கம்பி அன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 அடி நீளமுள்ள மூன்று கம்பிகள். எனாமல் பூச்சு இல்லாத அந்தக் காலத்தில், சுற்றுக்குச் சுற்று நூற்கயிற்றையும், அடுக்குக்கு அடுக்குக் காலிகோத் துணியையும் இட்டுப் பிரித்தார் (நம் கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கி அந்தத் துணி லண்டன் வரை போயிருந்தது). மூன்றையும் சேர்த்து ஒரே நீளமாகவும், வேண்டும்போது தனித்தனியாகவும் இணைத்துக்கொள்ளும்படி முனைகளை வெளியே விட்டிருந்தார். பேட்டரி இணைக்கப்பட்டது அந்தப் பக்கத்தில்தான். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் என்ற பெயர் தோன்றுவதற்கு முன்பே, அதன் ஆதி உருவத்திலேயே, பிரைமரி ஒன்றுக்கு மேற்பட்டதாக இருந்தது. நாம் காரியாபட்டியில் நான்கு முனைகளை வெளியே எடுத்து ஸ்லீவ் மாட்டும்போது செய்வது அவர் அன்று செய்த அதே காரியம்.

இனி வேலைக்கு வருவோம். எத்தனை பிரைமரி வைத்தாலும், ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட் என்பதை நிர்ணயிக்கிற அதிகாரம் கோருக்கே உண்டு. 50 சைக்கிள் மின்சாரத்தில், கோரின் நிகரக் குறுக்குப் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் அளந்து 45-ஐ அதனால் வகுத்தால், ஒரு டெஸ்லா காந்தச் செறிவில் வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு வந்துவிடும்; கோரை அடுக்கும் ஸ்டாம்பிங் தகடு நல்லதாக இருந்து 1.2 டெஸ்லா வரை போகலாம் என்று தோன்றினால் 45-க்குப் பதிலாக 37½ வைத்துக்கொள்ளலாம். பழைய சாமானிலிருந்து கழற்றிய, துருவேறிய, எந்த ரகம் என்று தெரியாத ஸ்டாம்பிங்குக்கு 45-க்குக் கீழே இறங்க ஆசைப்படக்கூடாது என்பது என் அபிப்பிராயம். இரும்பில் மிச்சம் பிடிக்கப் போய் வாடிக்கையாளர் வீட்டில் இரவெல்லாம் உறுமுகிற டிரான்ஸ்ஃபார்மர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

500 விஏ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகரப் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர் உள்ள கோரை எடுத்தால், 1.2 டெஸ்லா கணக்கில் வோல்ட்டுக்கு ஒன்றரைச் சுற்று. 115 வோல்ட்டுக்கு 172½ வருகிறது. நடுக்காலில் சுற்றுகிற காயிலில் அரைச் சுற்று என்பதற்கு இடமில்லாததால் 173 என்று முழுமையாக்கிக்கொள்கிறோம். அத்தகைய இரண்டு காயில்கள். இரண்டையும் வரிசையாக, அதாவது முதல் காயிலின் முடிவை இரண்டாவதின் ஆரம்பத்தோடு சேர்த்துத் தொடராக இணைத்தால் 230 வோல்ட்டுக்கு ஆகும். ஆரம்பத்தோடு ஆரம்பத்தையும் முடிவோடு முடிவையும் சேர்த்துப் பக்க இணைப்பாக்கினால் 115 வோல்ட்டுக்கு ஆகும். நஷ்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் 230 வோல்ட்டில் சுமார் 2.4 ஆம்பியர் இழுக்கும். 115 வோல்ட்டில் அதைப்போல் இரட்டிப்பாக 4.8 இழுத்தாலும் அது இரு காயில்களுக்கும் பங்காகிவிடுவதால், ஒவ்வொரு கம்பியும் சுமப்பது அதே 2.4 தான். 1.17 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள 18 கேஜ் கம்பி இரண்டு சந்தர்ப்பத்திலும் சுகமாகத் தாங்கும்.

இதையே ஒரு காயிலில் 346 சுற்றுச் சுற்றி, நடுவே 173-இல் ஒரு முனை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், ஓடும். ஆனால் 115 வோல்ட்டில் ஓடும்போது மேல் பாதிக் கம்பி சும்மா உட்கார்ந்திருக்க, கீழ்ப்பாதி மட்டும் 4.8 ஆம்பியரைத் தனியாகச் சுமக்கவேண்டும். அதற்காகக் கீழ்ப்பாதிக்கு இரட்டைப் பரப்புள்ள கம்பி போடவேண்டும். கணக்குப் பார்த்தால் செம்பு ஒன்றரை மடங்காகிறது. செம்பு விற்கிற விலையில் இது சிறு விஷயமன்று. கோரின் ஜன்னலில் இடமும் போதாமல் போகும். இரட்டைப் பிரைமரியின் அழகே, எந்த இணைப்பிலும் ஒரு முழம் கம்பிகூட வேலையற்று இராது என்பதுதான்.

ஆனால் முனை எடுக்கிற முறைக்கும் ஓர் இடம் உண்டு. ஊரில் பம்ப்செட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடுகிற நேரத்தில் 230 இருக்கவேண்டிய இடத்தில் 150 வருகிற தோட்டத்து வீட்டுக்கு, பிரைமரியில் 150, 180, 210, 240 என்று முனைகள் எடுத்துக் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிற யுக்தி. பழைய வால்வு ரேடியோவின் முதுகில் செருகுமுனையை மாற்றி மாற்றி வைக்கிற பலகை இருந்ததே, அதன் பேரப்பிள்ளை இது. இதில் உள்ள அபாயத்தை மட்டும் வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடாதீர்கள். சாயங்காலம் 150 வோல்ட் முனையில் வைத்தவர் அப்படியே தூங்கிப் போய்விட, நள்ளிரவில் மோட்டார்கள் ஓய்ந்து லைன் 240-க்கு ஏறிவிட்டால், 1.2 டெஸ்லாவுக்குக் கணக்கிட்ட கோரில் காந்தச் செறிவு 1.9-க்கு மேல் ஏறப் பார்க்கும். இரும்பு அதை ஏற்காது. ஏற்காத இரும்பு கம்பியின் மேல் பழியைப் போடும். விடியும்போது காயில் கருகியிருக்கும். தானாக முனை மாற்றும் ரிலே பலகை வைக்காமல் இப்படிப்பட்டதைக் கொடுப்பதில்லை என்று கடைசிப் பத்து ஆண்டுகளில் நான் ஒரு நியமம் வைத்திருந்தேன்.

இரட்டைப் பிரைமரிக்கு உரிய ஒழுங்கு வேறு. அங்கே எல்லாம் சமத்துவத்தில் அடங்கியிருக்கிறது. பக்க இணைப்பில் சேரப்போகிற இரண்டு காயில்களும் சுற்றில் சமமாக இருக்கவேண்டும். கூடிய வரையில் நீளத்திலும் சமமாக இருக்கவேண்டும். மேலே சொன்ன கோரில் ஒரு சுற்று என்பது மூன்றில் இரண்டு பங்கு வோல்ட். ஒரு காயிலில் 173-ம் மற்றதில் 174-ம் விழுந்துவிட்டால், அந்த ஒரு சுற்றின் வோல்ட் இரண்டு காயில்களையும் ஒரு வளையமாக்கிக்கொண்டு தனக்குள்ளேயே சுழலும். 18 கேஜ் கம்பியில் 173 சுற்றின் தடை ஏறத்தாழ 0.7 ஓம், வளையத்தில் இரண்டும் சேர்ந்து 1.4, ஆகவே சுமை ஏதும் இல்லாதபோதே அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வீணே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றானால் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணும்போது டீ வந்துவிட்டது, போன் வந்துவிட்டது என்று ஐந்து சுற்றுத் தவறிவிட்டால், முழுச்சுமைக்கு உரிய ஆம்பியர் அத்தனையும், ஒரு பல்புகூட எரியாதபோதே, அந்த வளையத்தில் ஓடும். காயில் எண்ணும் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்ற பழைய மிஸ்திரிகளின் வழக்கத்தைக் கர்வம் என்று ஊரார் சொன்னது உண்டு. அது கர்வமன்று, இந்த ஐந்து சுற்றின் மேல் அவர்களுக்கு இருந்த பயம்.

எண்ணிக்கைச் சமத்துவத்துக்கு நல்ல உபாயம், இரண்டு ரீலிலிருந்து இரண்டு கம்பியையும் கைகோத்துக்கொண்டு போகிறாற்போல் ஒரே சமயத்தில் சுற்றுவது. எண்ணிக்கை தானாகச் சமமாகும், நீளமும் சமமாகும், காந்தப் பாயம் இரண்டையும் ஒரே விதமாகத் தழுவும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: தொடராக இணைத்து 230 கொடுக்கும்போது, பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் அந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே, காயிலின் முதலிலிருந்து கடைசிவரை எங்கும் 115 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். புது எனாமலுக்கு அது ஒரு பொருட்டே அன்று. பழைய மோட்டாரிலிருந்து உரித்த கம்பியை நேராக்கிச் சுற்றினால், நகத்தால் கீறிய ஓர் இடம் போதும். ஆகையால் புதுக் கம்பி இல்லாவிட்டால் கைகோத்துச் சுற்றாதீர்கள். நடுவே தடுப்பு வைத்த பாபினில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சுற்றுங்கள். அப்போது மின்சாரம் வெளியே வரும் செகண்டரியையும் இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் போடவேண்டும் என்பதை மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் கசிவு மிகுந்து, சுமை ஏறும்போது வோல்ட் தொய்யும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றுவதானால், மேலே விழும் காயிலின் சுற்றளவு கீழே உள்ளதைவிட அதிகம், கம்பி நீளம் அதிகம், தடையும் அதிகம். பக்க இணைப்பில் உள்காயில் கூடுதல் பாரத்தைச் சுமக்கும். சிறு டிரான்ஸ்ஃபார்மருக்கு இது பாதகமில்லை. ஒரு கேவிஏக்கு மேல் நான் இப்படிச் செய்யமாட்டேன்.

இப்போது, இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்திய ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் பங்குனி மாதத்தில், ஒரு கோயில் பொங்கலுக்கு மைக்செட் போடுகிற பையன் ஆம்ப்ளிஃபயருக்கு டிரான்ஸ்ஃபார்மர் கட்டித் தரும்படி கேட்டான். வெளிநாட்டுப் பெட்டி அது; இரட்டைப் பிரைமரி. கட்டி முடித்து, வார்னிஷில் முக்கி, வெயிலில் உலர்த்தி, நான்கு முனைக்கும் கையில் கிடைத்த ஒரே மஞ்சள் நிற ஸ்லீவை மாட்டி, எது ஆரம்பம் எது முடிவு என்பதை அவனிடம் வாயால் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். சொன்னது அவனுக்கு நினைவில் நிற்கும் என்று எண்ணியது என் பிழை. இரவில், பந்தலில், டார்ச் வெளிச்சத்தில் அவன் முடிவோடு முடிவைச் சேர்த்துத் தொடராக்கிவிட்டான். அப்படிச் சேர்த்தால் ஒரு காயில் எழுப்புகிற காந்தத்தை இன்னொரு காயில் அழிக்கிறது. காந்தம் இல்லாத இடத்தில் எதிர் வோல்ட் பிறக்காது. எதிர் வோல்ட் இல்லாவிட்டால் 230 வோல்ட்டுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே நிற்பது ஒன்றரை ஓம்கூட இல்லாத வெறும் கம்பி. ஃபியூஸ் போயிருக்கவேண்டும், ஆனால் திருவிழாவில் அடிக்கடி போகிறதே என்று யாரோ அதில் தடித்த கம்பியைக் கட்டியிருந்தார்கள். பிளக்கைச் செருகிய கணத்தில் முனை வெடித்து அவனுடைய உள்ளங்கை வெந்துபோயிற்று. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துக் கட்டுப் போட்ட கையோடு வந்து மீதிப் பணத்தைக் கொடுத்தான். அந்தப் பணத்தை நான் வாங்கவில்லை. அன்றிலிருந்து ஒரே நிறத்து ஸ்லீவை நான்கு முனைக்கும் மாட்டியதும் இல்லை.

அதற்குப் பிறகு நான் எந்தக் காயிலையும் மூன்று பரீட்சை வைக்காமல் வெளியே விட்டதில்லை. அவற்றுக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். முதலாவது, டார்ச் செல் ஒன்றும் முள் மீட்டர் ஒன்றும்: செல்லை ஒரு காயிலில் தொட்டு எடுக்கும்போது, இன்னொரு காயிலில் வைத்த மீட்டரின் முள் தொட்ட கணத்தில் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள், வலப்பக்கம் துள்ளினால், செல்லின் நேர்முனை தொட்ட கம்பியும் மீட்டரின் நேர்முனை பிடித்த கம்பியும் ஒரே இனம், இரண்டுக்கும் ஒரே நிறப் புள்ளி. இரண்டாவது, நம் எல்லோர் கடையிலும் சுவரில் தொங்குகிற சீரீஸ் பல்பு: 100 வாட் குண்டு பல்பின் வழியாகத் தொடர் இணைப்புக்கு 230 கொடுத்தால், இணைப்புச் சரியாயிருந்தால் பல்பு கங்குபோல் மினுங்கும் அல்லது எரியவே எரியாது, தலைகீழாக இணைத்திருந்தால் பளிச்சென்று முழுப் பிரகாசத்தோடு எரியும். பல்பு பிரகாசமாக எரிகிறதே என்று சந்தோஷப்படுகிற புதுப் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இருட்டுதான் நற்சகுனம். மூன்றாவது, பக்க இணைப்புக்கு: ஒரே இனத்து முனை இரண்டைச் சேர்த்து முறுக்கிவிட்டு, ஒரு காயிலுக்கு மட்டும் 115 கொடுத்து, மீதமுள்ள இரண்டு முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். பூஜ்யம் காட்டினால் சேர்க்கலாம். 0.6 அல்லது 0.7 காட்டினால் ஒரு சுற்று தவறியிருக்கிறது. 230 காட்டினால், கையை எடுத்துவிட்டுப் புள்ளிகளை மறுபடி சோதியுங்கள்.

இரட்டைப் பிரைமரி உள்ள வெளிநாட்டுச் சாமான்களின் முதுகில் 115–230 என்று எழுதிய சிறு நழுவு சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதன் உள்ளே நடப்பதும் இதே தொடர், பக்க இணைப்பு மாற்றம்தான். விளையாட்டாக ஒரு குழந்தை அதை 115-க்குத் தள்ளிவிட்டால், ஒவ்வொரு காயிலுக்கும் இரட்டிப்பு வோல்ட் போய்ச் சேரும். அதன் பின் நடப்பதை மேலே தோட்டத்து வீட்டைப் பற்றிச் சொன்னபோதே பார்த்தோம். ரிப்பேருக்கு வந்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சுவிட்சின் மேல் 230-இல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுப்பதற்கு நேரமும் ஆகாது, காசும் ஆகாது. இந்த இரண்டாகப் பிரிக்கிற யுக்தி கடை அளவோடு நிற்பதும் இல்லை. தமிழ்நாட்டில் சில பகுதிகளில் 11 கிலோவோல்ட்டும் சில பகுதிகளில் 22 கிலோவோல்ட்டும் கம்பங்களில் ஓடுகின்றன. பழைய 11 பாதையை நாளை 22-க்கு உயர்த்த உத்தேசிக்கும் இடங்களுக்கென்று, உயரழுத்தக் காயிலை இரு சமபாதியாகக் கட்டி, இன்று பக்க இணைப்பிலும் நாளை தொடரிலும் போடும்படியான டிரான்ஸ்ஃபார்மர்களும் செய்யப்படுகின்றன. எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் அந்த இணைப்புப் பட்டைகளும் நம் நான்கு ஸ்லீவுகளும் ஒரே சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டவை.

இனி மூன்றாமவரின் கேள்வி: இரண்டு பிரைமரிக்கு இரண்டு வேறு இடத்து மின்சாரம்.

இதற்கு விடை நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து குடியேறிய இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றின் கனத்த டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் லைனுக்கு உரிய மெல்லிய சுருள், மறுபக்கம் பேட்டரிக்கு உரிய, நடுவில் முனை எடுத்த தடித்த சுருள். கரண்ட் இருக்கும்போது மெல்லியது பிரைமரி, தடித்தது செகண்டரி, பேட்டரி நிறைகிறது. கரண்ட் போன கணத்தில் தடித்தது பிரைமரி, மெல்லியது செகண்டரி, பேட்டரி இறைக்கிறது. ஒரே சாமான், ஒரே கம்பி. பெயர் மட்டும் இடம் மாறுகிறது. பிரைமரி என்பது சுருளின் ஜாதி அன்று, அந்த நேரத்து வேலை. இதை நீங்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே இத்தனை தூரம் சுற்றி வந்தேன்.

ஏனெனில், ஒரு கோரில் ஒரு சமயத்தில் ஓடக்கூடிய காந்தப் பாயம் ஒன்றே. இரண்டு பிரைமரிக்கு இரண்டு மூலத்திலிருந்து ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்தால், சுற்றுக்கு இத்தனை வோல்ட் என்பதில் இருவரும் அளவிலும் காலத்திலும் இம்மி பிசகாமல் ஒத்துப் போகவேண்டும். ஒத்துப் போகாவிட்டால் அந்த வித்தியாசம் முழுவதும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மின்னோட்டமாகப் பாயும். தன் போக்கில் 50 சைக்கிள் உண்டாக்குகிற சாதாரண இன்வெர்ட்டர் வாரியத்தின் லைனோடு ஒருபோதும் அப்படி ஒத்து நடக்காது. லைனைப் பார்த்து அதன் தாளத்துக்கே அடி வைக்கும்படி செய்யப்பட்ட, லைன் போனால் தானும் நின்றுவிடும்படி கட்டாயப்படுத்தப்பட்ட சோலார் இன்வெர்ட்டர்களால் மட்டுமே அது ஆகும். அவற்றுக்கு நம் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியதும் இல்லை.

நமக்குத் தென்கிழக்கே, கமுதியில், 2016-இல் ஓடத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே 576 இன்வெர்ட்டர்களுக்கு 154 டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏறக்குறைய நான்கு இன்வெர்ட்டர் என்ற விகிதம். இத்தகைய பெரு நிலையங்களில் கையாளப்படும் ஒரு முறை, ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்கு இரண்டு அல்லது நான்கு தாழழுத்தச் சுருள்களைக் கொடுத்து, ஒவ்வோர் இன்வெர்ட்டருக்கும் தனிச் சுருள் ஒன்றை விடுவது. மின்சாரம் அங்கே தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறுவதால், அந்தச் சுருள்கள் அத்தனையும் பிரைமரிகளே. அவற்றின் வடிவமைப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது: நம் இரட்டைப் பிரைமரியை எவ்வளவுக்கு நெருக்கமாகக் கைகோத்துச் சுற்றுகிறோமோ, அவ்வளவுக்கு அந்தச் சுருள்களை ஒன்றின் மேலே ஒன்றாகத் தள்ளித் தள்ளி வைத்து, உயரழுத்தச் சுருளையும் அதற்கேற்பப் பிரித்து, தமக்குள் உறவு தளர்ந்திருக்கும்படி செய்கிறார்கள், ஓர் இன்வெர்ட்டரின் படபடப்பு பக்கத்து இன்வெர்ட்டரைத் தொந்தரவு செய்யாதிருக்க அந்தக் கசிவே காவல். நடுவே செம்புத் தகட்டால் ஒரு திரையும் வைத்து எர்த் செய்கிறார்கள். அந்தத் தகட்டின் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அதுவே குறுக்குச் சுற்றாகி எரியும் என்பதால், ஓரங்களுக்கு நடுவே காகிதம் வைத்து மேற்கவிக்கவேண்டும். சிறு டிரான்ஸ்ஃபார்மரில் திரை வைக்கிற தம்பிகளும் இதைக் கவனிக்கவேண்டும்.

அந்தப் பெரு நிலையத்தில் ஒரு சுருள் பிரைமரியா செகண்டரியா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ரிலேக்களும் பிரேக்கர்களும் பூட்டுகளும் இருக்கின்றன. நம் வாடிக்கையாளர் வீட்டில் இருப்பது ஒரு பிளக். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரின் அல்லது ஜெனரேட்டரின் வயரை ஒரு சாதாரண பிளக் பாயின்ட்டில் சொருகி வீடு முழுவதையும் எரியவிடுகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். அதையே கொஞ்சம் மரியாதையாகச் செய்து கொடுக்கும்படிதான் அந்த மூன்றாமவர் நம்மிடம் கேட்கிறார். மெயின் சுவிட்சை இறக்க மறந்த ஒரு நாளில், அந்த 230 வோல்ட் வீட்டை விட்டு வெளியேறி, சர்வீஸ் வயரில் ஏறி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் தாழழுத்தப் பக்கத்தைப் போய்ச் சேரும். அது பிரைமரியாகிவிடும். 22 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட அந்த டிரான்ஸ்ஃபார்மர், சிறிதும் தயங்காமல் 230-ஐ இருபதாயிரம் வோல்ட்டாக ஏற்றி மேல் கம்பியில் வைக்கும். தெருவில் உள்ள மற்ற வீடுகளின் சுமை இழுத்து இன்வெர்ட்டரை மூச்சுத் திணற அடித்துவிடும் என்று சிலர் வாதிப்பார்கள். பல சமயம் உண்மை. ஆனால் கம்பி அறுந்தோ ஃபியூஸ் பிடுங்கப்பட்டோ பக்கத்து வீடுகள் பிரிந்துபோயிருக்கிற ஒரு சமயம் வரும். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட சமயத்தில்தான். லைனை எர்த் செய்யும் கம்பு கொண்டுபோனவர் பிழைப்பார். அவசரத்தில், இரவில், மழையில், சப்-ஸ்டேஷனில் அணைத்தாயிற்று என்ற ஒரு போன் வார்த்தையை நம்பிக் கை வைத்தவர் பிழைக்கமாட்டார்.

ஆதலால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வீட்டு வயரிங்கில் லைனும் இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் சந்திக்கிற எந்த வேலையானாலும், ஒரு பக்கம் விட்டால்தான் மறு பக்கம் பிடிக்கும்படியான, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவிட்சுக்கு ஆகிற காசை அவர் கொடுக்கமாட்டேன் என்றால் வேலையைத் திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த கடைக்குப் போவார் என்பது எனக்குத் தெரியும். நம் மூன்று ஊரிலும் எல்லாக் கடையும் ஒரே பதிலைச் சொன்னால் அவர் எங்கே போவார்? மாடியில் சோலார் தகடு வைத்தவர் வாரியத்தோடு சேர்ந்து ஓடவேண்டும் என்றால், அதற்கு உரிய இன்வெர்ட்டரும் வாரியத்தின் அனுமதியும் உண்டு. அந்த வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். இரட்டைப் பிரைமரி கட்டும்போது ஆரம்பத்துக்குச் சிவப்பும் முடிவுக்குக் கறுப்புமாக ஸ்லீவ் மாட்டி, இரண்டாவது காயிலுக்கு அதே நிறங்களில் ஒரு முடிச்சுப் போடுங்கள். சும்மா விடப்படுகிற காயிலின் முனையிலும் 115 வோல்ட் நிற்கும் என்பதால் அதைத் தனியாக மூடிக் கட்டுங்கள்.

சுற்றின் எண்ணிக்கை, கேஜ், கோரின் பரப்பு, தொடருக்கு எது எதோடு, பக்க இணைப்புக்கு எது எதோடு, பல்பு பரீட்சை வைத்த தேதி, கட்டியவர் கையெழுத்து ஆகியவற்றுக்கு இடம் விட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டை நான் அச்சடித்து வைத்திருக்கிறேன். வார்னிஷ் உலர்ந்தபின் கோரின் மேல் ஒட்டி அதன் மேலும் ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்தால் பல வருஷம் அழியாது. ஆயிரம் சீட்டு இருக்கிறது. காரியாபட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலை ஏழு மணிக்கு நான் இருப்பேன்; அருப்புக்கோட்டை, திருச்சுழித் தம்பிகளுக்குப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
உங்களோடு காயில் கட்டிய ஒருவன்,
காரியாபட்டி.